நாற்காலி மேல் ஏறிய வீரர்

அம்மாவின் பாதங்களுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அப்பா எண்ணெய் தேய்த்துவிடுகிறாரா? நான் நலம். கையில் சின்னக் கீறல், ஊசியும் போட்டாயிற்று, பயப்படாதே.

எங்கள் பெரிய டாக்டரின் வீரத்தைக் கேள். நேற்று ஒரு டீச்சர், கால் ஒடிந்த பூனையைக் கூடையில் கொண்டுவந்தார். மேல்மூடியைக் கழற்றினால் போதும், அது படுத்தபடியே இருக்கும், காலைப் பார்த்துவிடலாம். இவரோ கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினார். இன்னொரு முறை உதறியிருந்தால் எலும்பு தோலைக் கிழித்திருக்கும். எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ தெரியவில்லை.

“சார், அது பூனை. உருளைக்கிழங்கு மூட்டை இல்ல.”

“பயந்தாங்கொள்ளிக்கு எதுக்கும்மா இந்தப் படிப்பு?” என்றார்.

அதற்குள் பூனை அவர் மூக்கைப் பிறாண்டிவிட்டு மேசைக்கு அடியில் புகுந்தது. வீரர் நாற்காலி மேல் ஏறிக்கொண்டார்.

நான் விளக்கை அணைத்தேன். டீச்சரின் சால்வையை வாங்கித் தரையில் விரித்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதலில் என் கையைக் கீறியது. பிறகு வீட்டு வாசனை தெரிந்து, தானாகவே வந்து சால்வையில் படுத்தது. அப்படியே சுற்றித் தூக்கிக் காலுக்குக் கட்டுப் போட்டேன்.

“நம்ம கிட்ட வந்தா எப்படி அடங்குது பாத்தீங்களா, டீச்சர்?” என்றார் வீரர், நாற்காலியிலிருந்து இறங்காமலே.

இங்கே துண்டெல்லாம் மருந்து நெடி. உன் பழைய நூல்புடவை ஒன்றை அனுப்பு. பூனைகளுக்குத்தான்.

வெளியே ஒரு நாய் குரைக்கிறது, வீரர் கூப்பிடுகிறார்.

உன் மகள்

புடவையைத் துவைத்துவிடாதே, அம்மா.