இஞ்சுக் கணக்கில் ஒரு புகார்

அன்பு மகளுக்கு,

நானும் அப்பாவும் வழக்கமான சண்டையோடு நலம். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முழங்கால் கட்டை அவிழ்த்துவிட்டார்கள், ஆனால் இன்னும் ஊன்றக் கூடாதாம், இந்த இரண்டு மாதமும் கட்டில்தான். நீ வாங்கித் தந்த போனைத் தட்டிக்கொண்டே கிடக்கிறார், சீட்டாட்டமாம். விஷயத்துக்கு வருகிறேன். தையல் வகுப்புக்கென்று மாடியில் அறை கட்டினேனே, அதற்கு நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்துவிட்டது. அனுமதி இல்லாத கட்டடமாம், வேலையை உடனே நிறுத்த வேண்டுமாம், முப்பது நாளுக்குள் வரைபடமும் பொறியாளர் சான்றும் கொடுத்து அனுமதி கேட்க வேண்டுமாம். இல்லையென்றால் நாமே இடிக்க வேண்டும், மறுத்தால் அவர்கள் இடித்துவிட்டுச் செலவை நம் தலையில் கட்டுவார்கள், வழக்கு வேறு. அனுமதி வாங்கிட்டு கட்டும்மா என்று நீ மூன்று தடவை சொன்னாய், இல்லையென்று சொல்லவில்லை. கட்டி முடிச்சிட்டா யாரும்மா கேக்கப் போறாங்க என்று மேஸ்திரி சொன்னதைத்தான் கேட்டேன். இப்போது அந்த மனிதர் போனையே எடுப்பதில்லை.

யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர், தன் சமையலறைக்கு வெளிச்சம் போச்சு என்று ஜாடை பேசியவர், நோட்டீஸ் வந்த அன்று என்னைப் பார்த்துச் சிரித்தார், எதற்குச் சிரிக்க வேண்டும்? எதிர்க் கடைத் தையல்காரியும் லேசுப்பட்டவள் இல்லை, எனக்கு வகுப்பு வந்தால் அவள் பிழைப்பு என்னாவது. இருவரோடும் பேச்சை நிறுத்திவிட்டேன். நேற்றுக் காலை நகராட்சிக்குப் போனேன். குமாஸ்தா கோப்பைப் பிரித்து வைத்துவிட்டு முத்திரை எடுக்க எழுந்து போனார், நான் எட்டிப் பார்த்துவிட்டேன். போன் வழியாக வந்த புகார், பெயர் இல்லை. அறை நீளம் 228 இஞ்சு, அகலம் 132 இஞ்சு என்றிருந்தது. அறையை யாராவது இஞ்சில் அளப்பார்களா? மேஸ்திரிக்குக்கூட அடிக்கணக்குதான். தையல் டேப்பை வைத்து அளந்தவள் நான், அதை அன்றைக்கே பெருமையாக உனக்குப் போனில் சொன்னவளும் நான், அப்பாவின் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு. அவர் ஆயுளில் ஒரு மனு எழுதியவர் இல்லை. மிச்சம் நீதானே? வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன், பெற்ற தாயை இப்படி மாட்டிவிடுவாளா ஒருத்தி என்று.

இன்று பொறியாளர் வந்தார். கீழ் அறையைத் தட்டிப் பார்த்தார், கூரையில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல், நேராக அப்பா கட்டிலுக்கு மேலே. பழைய சுவரு இந்தப் பாரத்தத் தாங்காதும்மா, முதல்ல கட்டில நகத்துங்க என்றார். நாளெல்லாம் குனிந்து தைக்கிறவள், நான் ஒரு நாளும் நிமிர்ந்து பார்க்கவில்லையடி. கட்டிலை முன் அறைக்கு இழுத்துவிட்டேன். மாடியை நாமே இடித்துக்கொள்கிறோம் என்று எழுதியும் கொடுத்துவிட்டேன், ஆசையாகக் கட்டியது, வயிறு எரியத்தான் செய்கிறது.

ஒன்றே ஒன்று சொல். நீதானா? நீ என்றால் ஒரு வாரம் கோபித்துக்கொண்டு விட்டுவிடுவேன். நீ இல்லை என்றால்தான் எனக்குப் பயம். அப்படியானால் உன் அப்பா இரண்டு மாதமாக மல்லாந்து படுத்து அந்த விரிசலையே பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்வதைவிட நகராட்சியிடம் சொல்வது சுலபம் என்று நினைத்திருக்கிறார்.

நீங்கள் இருவரும் குறையில்லாமல் நீடூழி வாழ வேண்டும். பதிலைக் கடிதமாகவே எழுது, மறந்துபோய் போனில் சொல்லிவிடாதே, அவர் காதில் விழும்.

இன்னும் சந்தேகம் தீராத,
உன் அம்மா