விளக்கு நான் வைத்த நாட்கள்

பெப். 3, திங்கள்

தூறல். வீட்டுக்குள்ளும் குளிர்தான். மனுசி புவனம் யன்னல் எல்லாம் திறந்து விட்டிருக்கிறாள், உடம்பு எரியுதாம். நான் வீட்டுக்குள்ளேயே கோட்டும் கம்பளித் தொப்பியுமாக.

பத்தரைக்கு ஜிபி, எங்கள் குடும்ப டொக்டர். வழக்கம்போல பு.வுக்கு நான்தான் வாய். அவளுக்கு மட்டுமா? ஈஸ்ட் ஹாம் தமிழரில் அரைவாசிப் பேருக்கு நான்தான் வாய். எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தால் என்ன, ஒருமுறை கோர்ட்டில் என் இங்கிலீசைக் கேட்டு நீதவானே ஆசனத்தை விட்டு இறங்கி வந்து கை தந்தவர்.

போகும் வழியில் பு. ஒப்புவித்த பட்டியல்:
– எரிவு, திடீர் திடீரென்று வியர்வை
– நித்திரை இல்லை
– மூட்டு நோ
– கோபம் (இது நான் சேர்த்தது)
– மாதவிடாய் நின்று இரண்டு வருடம் கழித்து இப்போது திரும்பவும் இரத்தம் படுவது

கடைசியை ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அதையும் மறக்காமல் சொல்லுங்கோ, என்ன."

டொக்டர் சின்னப் பொடியன். மெனோபோஸ் என்றான். பெண்களுக்கு ஐம்பதை ஒட்டி மாதவிடாய் நிற்கிற காலம். ஹோர்மோன் குறைவதால்தான் இந்த எரிவும் நித்திரையின்மையும். சிலருக்கு வருடக்கணக்கில் இழுக்கும், மருந்து இருக்கிறது. நானே அவனுக்குப் படிப்பித்த மாதிரித் தலையாட்டினேன். பிறகு கேட்டான், நின்ற பிறகு இரத்தம் ஏதும் பட்டதா என்று.

"நோ, நோ, டொக்டர். ஓல் ஃபினிஷ்" என்றேன். உடனே மூட்டு நோவுக்குத் தாவி இரண்டு நிமிடம் இங்கிலீசில் விளாசினேன். நான் எல்லாவற்றையும் சொல்கிறேன் என்று பு. ஆறுதலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும், "அதுக்கு என்னவாம்?"

"சொல்லிப்போட்டன். இந்த வயசிலை அப்பிடித்தான் வந்து வந்து போகுமாம். பயப்பிட ஒண்டுமில்லையாம்."

"கடவுளே" என்றாள். முகம் தெளிந்தது.

என்ன செய்வது? மருமகன் வயதுப் பொடியனுக்கு முன்னால் என் மனுசியின் துடக்குக் கதையை எந்த வாயால் சொல்வது? இங்கிலீசு இருந்தது. வாய் இல்லை.

இரத்தம் படுகிற நாளில் பு. சாமியறைக்குள் கால் வைக்க மாட்டாள். அன்றைக்கு விளக்கு என் வேலை. யார் வைத்தது என்று நாள்தோறும் 'வி.' போட்டு இந்தக் கொப்பியில் குறித்து வருகிறேன். இவன் சாமி கும்பிடாதவன் என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது.

வி. நான்.

பெப். 5, புதன்

மழை. மருந்து வாங்கியாச்சு. இடுப்பில் ஒட்டுகிற ஹோர்மோன் பட்டை, கிழமைக்கு இரண்டு. கருப்பையைக் காக்கப் படுக்க முதல் ஒரு குளிசை.

பலசரக்குக் கடைத் தேநீர் மூலையில் செல்வா அண்ணை. மெனோபோஸ் பற்றி அரை மணித்தியாலம் பேசினேன். பத்துப் பேர் கூடிவிட்டார்கள். (இரண்டு பேர்.) எல்லாருக்கும் பட்டை ஒத்துவராது, சிலருக்கு ஜெல், சிலருக்கு ஹோர்மோனே இல்லாத குளிசை, சிலருக்கு ஒன்றும் வேண்டாம், திறந்த யன்னல் போதும் என்று எல்லாம் எடுத்துச் சொன்னேன்.

"என்ரை மனுசி ரெண்டு வருசம் என்னோடை கதைக்கேல்லை. அதுக்கும் பட்டை இருக்கோ?" என்றார் அண்ணை.

"அது வியாதியில்லை அண்ணை, அவவின்ரை சுகம்."

சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது.

வீட்டுக்கு வந்து மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாளை வாசித்தேன். ஒரு வரியில் நின்றேன். காரணம் தெரியாத இரத்தப்போக்கு இருந்தால் பாவிக்க வேண்டாம், டொக்டரிடம் சொல்லவும். மூன்று தரம் வாசித்தேன். மூன்று தரமும் அதையேதான் சொன்னது.

தாளை மடித்து அரிசி வாளிக்கு அடியில் வைத்தேன்.

பட்டையை ஒட்டிவிடச் சொன்னாள். ஒட்டினேன். "கோணலோ?" "நேர்" என்றேன்.

வி. நான்.

பெப். 8, சனி

உறைபனி. பு. நல்ல நித்திரையாம், எரிவும் குறைவாம். டொக்டருக்கு இந்தப் பட்டையைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான் என்று செல்வா அண்ணையிடம் சொன்னேன். ஓரளவு நம்பினார். இறைச்சிக் கறி. சந்தோசம்.

வி. பு. நின்றுவிட்டதே! நான் சொன்ன மாதிரித்தானே ஆச்சு.

பெப். 14, வெள்ளி

சூடில்லாத வெயில். நான்கு நாளாகத் திரும்பவும், முந்தியதை விடக் கூடுதலாக. விடிய எழும்பிப் பு. படுக்கை விரிப்பைத் தானே அலசினாள். என்னைத் தொட விடவில்லை.

மகள் துர்க்காவோடு பு. போனில், "அப்பா டொக்டரிட்டைச் சொன்னவர். இந்த வயசிலை வாறதுதானாம்." அதைக் கேட்டு து. ஜிபிக்குப் போன் எடுத்திருக்கிறாள். மத்தியானம் ரெய்னர்ஸ் லேனிலிருந்து வந்து இறங்கினாள். சப்பாத்தையும் கழற்றவில்லை.

"அப்பா, நோட்ஸிலை நோ ப்ளீடிங் எண்டு இருக்காம். வாட் ஹாப்பின்ட்?"

"அந்தப் பொடியன் பிழையா எழுதிப்போட்டான்."

"ஆர் யூ ஷுவர்? நீங்கள் சொன்னனீங்களோ?"

"வடிவாச் சொன்னனான். உன்ரை அப்பன் கோர்ட்டிலையே கதைச்சவன், பிள்ளை."

டொக்டருக்கு மேல் முறைப்பாடு எழுதப் போகிறாளாம். எழுது என்றேன். வாயில் வந்துவிட்டது. பு. சட்டி கழுவிக்கொண்டு நின்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள். தண்ணீர் பாட்டுக்கு ஓடியது.

நின்ற பிறகு வருகிற இரத்தத்தைச் சும்மா விடவே கூடாது என்று ஜிபி து.விடம் சொன்னானாம். அனேகம் பேருக்குப் பெரிதாக ஒன்றும் இராதாம். கான்சராகவும் இருக்கலாமாம். பார்த்தே ஆகவேண்டும். வியாழன் ஆஸ்பத்திரி. அதுவரை பட்டை வேண்டாம்.

அந்தப் பொடியன் து.விடம் இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டானாம். தான் இன்னும் கவனமாகக் கேட்டிருக்க வேண்டுமாம்.

சாப்பாடு இறங்கவில்லை. உப்பு கூடிப்போச்சு என்று சொல்லி வைத்தேன். உப்பு அளவாகத்தான் இருந்தது.

வி. நான்.

பெப். 20, வியாழன்

மழையோடு காற்று. குடை உடைந்தது.

வீட்டு ஆட்கள் மொழிபெயர்க்கக் கூடாதாம். ஆஸ்பத்திரியே ஓர் ஆளை வைத்திருக்கிறது. எங்கட ஆள்தான், நடுவயதுப் பெண், கழுத்தில் அட்டை. "ஐயா, நீங்கள் வெளியிலை இருங்கோ." முப்பது வருடத்தில் முதல் தடவை பு. தனியே உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பக்கத்தில் து., முறைப்பாட்டைப் போனில் அடித்துக்கொண்டு. "அவரின்ரை பேர் என்னப்பா, அந்த டொக்டரின்ரை?" எனக்கு ஞாபகமில்லை என்றேன். ஞாபகம் இருந்தது.

முக்கால் மணித்தியாலம் கழித்து அந்தப் பெண் வெளியே வந்தா.

"ஐயா, எப்ப தொடங்கினது, எத்தினை நாள் பட்டது எண்டு டொக்டர் கேக்கிறா. அம்மாவுக்குச் சரியா நினைவில்லை. உங்களுக்கு ஏதும் தெரியுமோ?"

தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கொப்பி கோட்டுப் பையில் இருந்தது. கை அதில்தான் இருந்தது.

எடுத்துக் கொடுத்தேன். வி. நான் என்று இருக்கிற நாளெல்லாம் அந்த நாள் என்றேன்.

கார்த்திகை விளக்கீட்டு அன்றைக்கு முதல் குறி. வாசல் சுட்டி விளக்கு அத்தனையும் நான் தனியே ஏற்றிய நாள். விரலை வைத்து எண்ணிக்கொண்டு வந்தா. இருபத்தாறு. விரல் பெப். 3இல் நின்றது. அந்தப் பக்கத்தை முழுக்க வாசித்தா.

"ஐயா, இதிலை இருக்கிறதையும் உள்ளுக்குச் சொல்லட்டோ? அம்மாவும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பா."

"எதை?" என்றாள் து.

"ஓம்" என்றேன். "சொல்லுங்கோ."

து. எட்டிக் கொப்பியை வாசித்தாள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள், நேரம் எடுத்தது. முடிந்ததும் போனைப் பைக்குள் போட்டுவிட்டு எழும்பிப் போய் அடுத்த வரிசையில் இருந்தாள்.

கருப்பையின் உட்பக்கத்தில் துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

பஸ்ஸில் பு. யன்னல் பக்கம். இரண்டு தரிப்புக்குப் பிறகு:

"விளக்கீட்டிலையிருந்து குறிச்சனீங்களோ?"

"ஓம்."

"ஒரு நாளும் விடாமல்?"

"ஓம்."

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

அவ்வளவுதான்.

இந்தக் கொப்பியில் இன்னொரு திருத்தம். நீதவான் கை தரவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை. கை தந்தது வாசலில் நின்ற காவலாளி. அதுவும் நான்தான் முதலில் நீட்டினேன்.

வி. நான்.

மார்ச் 6, வியாழன்

நல்ல வெயில். யார் கேட்டது?

பு. இந்த முறை என்னையும் உள்ளே கூப்பிட்டாள். "இருங்கோ. ஆனா வாய் திறக்கக் கூடாது."

கான்சர். கருப்பையின் உட்சுவரில். அந்தச் சொல்லை மொழிபெயர்க்கிற பெண் தமிழில் சொல்லுமுன்பே பு.வுக்கு விளங்கிவிட்டது. கைப்பையின் வாரை மட்டும் இறுக்கிப் பிடித்தாள்.

கருப்பையை எடுக்க வேண்டும். எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்க ஸ்கான். பிறகுதான் மிச்சம்.

து. கேட்டாள், அன்றைக்கே தெரிந்திருந்தால் என்று. ஆஸ்பத்திரி டொக்டர், ஒரு கிழமை இரண்டு கிழமையால் மாறியிருக்குமா என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். விளக்கீட்டிலிருந்து எத்தனை கிழமை என்று எனக்குத் தெரியும். வாய் திறக்கவில்லை.

பு. கேட்டது ஒன்றுதான். "எரிவுக்கு இனி அந்தப் பட்டை ஒட்டலாமோ?" இப்போதைக்கு இல்லை, ஹோர்மோன் இல்லாத மருந்து இருக்கிறது, பார்த்துத் தருவார்கள். அவளே கேட்டு அவளே பதில் வாங்கினாள். என்னை விட வடிவாகக் கேட்டாள்.

வீட்டில் அரிசி வாளியைத் தூக்கித் தாளை எடுத்து மேசையில் வைத்தேன். பு. பார்த்துவிட்டு அதன் மேல் உப்புப் போத்தலை வைத்தாள், யன்னல் காற்றுக்குப் பறக்காமல்.

இன்றைக்கும் இரத்தம் படுகிற நாள், பின்னேரம் நெருப்புப்பெட்டியோடு சாமியறைக்குப் போனேன். வாசலில் பு.

"இஞ்சேர், உமக்கு இண்டைக்கு…"

"தெரியும். தள்ளுங்கோ."

பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். முதல் குச்சி அணைந்துவிட்டது. இரண்டாவது பிடித்தது.

வி. பு.