அதிரும் தட்டும் மாடிப்படியும்

என் அன்புப் பிடிவாதக்காரருக்கு,

மகன் வீட்டில் சௌக்கியம்தானே? தங்கை தன் வீட்டில் வைத்து என்னைத் தாங்கு தாங்கென்று தாங்குகிறாள். குளியலறையில் நான் வழுக்கி விழுந்ததைப் பற்றி இனிப் பேச வேண்டாம்.

தினமும் பிசியோதெரபிக்குப் போகிறேன். அங்கே அதிரும் தட்டு ஒன்று உண்டு. முழங்காலைக் கொஞ்சம் மடித்து அதன்மேல் நிற்க வேண்டும். முதல் நாள் என் பல்செட் கடகடவென்று ஆடியது.

"வாயை மூடிக்கிட்டு நில்லுங்கம்மா" என்றாள் பயிற்சி தரும் பெண்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து எங்க வீட்டுக்காரரும் அதையேதான் சொல்றாரு" என்றேன். அறையே சிரித்தது.

வயதானால் சதை கரையுமாம். வேலை கொடுத்தால் மறுபடி வலு ஏறுமாம். அதனால் தட்டிலிருந்து இறங்கியதும் நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி. இப்போது கையை ஊன்றாமலே எழுந்துவிடுகிறேன்.

நம் மாடி வீட்டை விற்க நீங்கள் முடிவெடுத்தது என் கால்களுக்காகத்தான். தெரியும். இன்று வீடு பார்க்கத் தரகர் வந்தபோது, நானே சாவியோடு போனேன். மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நடுவில் நின்று மூச்சு வாங்கி, மேலே போய்ச் சேர்ந்துவிட்டேன். பின்னால் வந்த தரகருக்குத்தான் அதிகமாக இரைத்தது.

"எப்பம்மா காலி பண்ணுவீங்க?"

"இப்பதானே ஏறி வந்தேன்! அதுக்குள்ள இறங்கச் சொல்றீங்களே?"

அவரை அனுப்பிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஜன்னல்களையெல்லாம் திறந்து, கட்டிலைத் தட்டிப் புது விரிப்பு போட்டிருக்கிறேன். உங்கள் பக்கம்தான் வெறுமையாக இருக்கிறது.

மாடியிலிருந்து,
உங்கள் வாயாடி