அப்பா செய்த ஆணியில்லாத முக்காலி

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே அப்பா சுகம், நான் சுகம், என் இடுப்பும் ஏறக்குறைய சுகம். நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறீர்களா, உன் இருமல் நின்றதா? போனில் பேச ஆரம்பித்தால் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

அப்பா செய்த முக்காலியிலிருந்து நான் விழுந்ததைக் கேட்டு நீ பதறியது நியாயம்தான். ஆனால் அவரிடம், "இந்த ஜப்பான் வேலையெல்லாம் இனி வேணாம்ப்பா, கடையில ஒண்ணு வாங்கிப் போடுங்க" என்று சொன்னாயே, அன்றைக்கே மனிதர் ரம்பம், உளி, இழைப்புளி எல்லாவற்றையும் பழைய போர்வையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் ஜப்பான் தச்சர்களின் வீடியோ பார்த்துத் தானாகக் கற்றுக்கொண்ட தச்சு வேலை. தள்ளி அறுத்துப் பழகிய கை அந்த ஊர் ரம்பத்தை இழுத்து அறுக்கப் படிவதற்குள் பால்கனி முழுக்க மரத்தூள், என் வாய் முழுக்கத் திட்டு. அந்தத் தூள் இல்லாமல் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. டிவி அது பாட்டுக்கு ஓடும், அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். பொறுக்காமல் உடைந்த முக்காலியை அவர் முன்னால் வைத்து, "விழுந்தவ நான், எதனால விழுந்தேன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்" என்று சண்டை போட்டேன். எழுந்து வந்து பார்த்தார். ஆணியும் பசையும் இல்லாத வேலையாம், காலின் நுனியைச் சுத்தியலால் தட்டி நசுக்கி, உட்காரும் பலகையின் துளையில் இறக்கி, அப்புறம்தான் ஈரம் காட்ட வேண்டுமாம், மரம் உப்பித் தானே இறுகிக்கொள்ளுமாம். இந்த அவசரக்குடுக்கை முதலிலேயே நனைத்திருக்கிறார். உப்பிய நுனி உள்ளே போகவில்லை என்று சீவி மெலிய வைத்திருக்கிறார். காய்ந்ததும் கால் தளர்ந்துவிட்டது, மேலே நான்.

புதிய கால்கள் செய்து மாட்டி, முக்காலியைச் சமையலறையில் வைத்தார். உட்கார் என்று சொல்லவில்லை. தானே உட்கார்ந்து காட்டினார், ஆட்டியும் காட்டினார். எனக்குப் பயம், உன்னிடம் மறைப்பானேன், அதைச் சுற்றிச் சுற்றிப் போனேன். அதைப் பார்த்தவர் கருவிகளை மறுபடி போர்வையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

அடுத்த முறை பேசும்போது கடைப்பேச்சை எடுக்காதே. கால் எப்படி இறுகியது என்று கேள், நிறுத்தாமல் சொல்வார், மீட்டிங் என்று வைத்துவிடாமல் கேட்டுக்கொள். வெந்நீர் குடி. நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

இதை அந்த முக்காலியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அப்பா தண்ணீர் குடிக்கிற சாக்கில் வந்து வந்து முக்காலியின் காலையே பார்த்துவிட்டுப் போனார். இப்போதுதான் வாய் திறந்து, "ஆடுதா?" என்று கேட்டார். "ஆடவே இல்ல" என்றேன். உள்ளே கட்டிலுக்கு அடியிலிருந்து மூட்டையை இழுக்கிற சத்தம் கேட்கிறது.

எப்போதும் உன் நினைவாக,
அம்மா