ரெண்டு பக்கமும் அஞ்சு

மார்ச் 4

இல்லை, அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான்.

கார் ஷெட்டுக்குப் புதுக் கதவு இன்று வந்தது. நான்கு நீளத் தகட்டுப் பலகைகள், ஒன்றோடொன்று கீல் போட்டு, மேலே ஏறிக் கூரையோடு படுத்துக்கொள்ளும் வகை. கதவுக்காரர் முதல் பலகையை வாசலில் தூக்கி வைத்ததுமே தெரிந்துவிட்டது. அகலம் அதிகம். டேப்பை இழுத்தார். பத்து சென்டிமீட்டர். ஒன்பதில்லை, பதினொன்றில்லை. பத்து என்று கேட்ட நொடியில் அது யார் தப்பென்று எனக்குப் புரிந்துவிட்டது.

அப்பா கத்தினார். "அளந்தீங்களா, இல்ல ஜோசியம் பார்த்தீங்களா?"

அப்போதுதான் கதவுக்காரர் என்னைப் பார்த்த அந்தப் பார்வை. பிறகு, "என் தப்புதான் சார்."

நான் காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். தட்டை நீட்டினேன். அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

மார்ச் 5

நடந்ததை நடந்தபடி எழுதிவிடு.

மூன்று வாரம் முன்பு கதவுக்காரர் அளவெடுக்க வந்தார். அப்பா வெளியே போயிருந்தார். ஷெட்டுக்குள் ஓடாத கார், இருபக்கமும் பழைய பீரோக்கள். அவருக்கு இன்னொரு வீட்டுக்கும் போக வேண்டியிருந்தது, வாட்சைப் பார்த்தார். நான் தாளை நீட்டினேன். முந்தைய நாளே அளந்து வைத்திருந்தேன், யாரும் கேட்காமல்.

"சரியா இருக்குமாம்மா?"

"ஆறு வருஷம் யுனிவர்சிட்டில படிச்சிருக்கேண்ணா. ஒரு கதவை அளக்கத் தெரியாதா?"

சிரித்தார். தாளைப் பார்த்து எழுதிக்கொண்டார். அவருடைய டேப் இடுப்பிலேயே இருந்தது.

எங்கள் வீட்டு டேப்பின் முதல் பத்து சென்டிமீட்டர் எப்போதோ உடைந்துபோனது. பத்தில்தான் தொடங்கும். அளந்தால் பத்தைக் கழிக்க வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். உயரத்தில் கழித்தேன். அகலத்தில் –

எதை நிரூபிக்கப் போனேன்? ஆராய்ச்சியைப் பாதியில் விட்டு வந்து ஒன்பது மாதம். இந்த வீட்டில் நான் உருப்படியாகச் செய்த முதல் காரியம் அந்தத் தாள். அடிக்கோடு வேறு போட்டிருந்தேன்.

மார்ச் 6

அப்பாவிடம் இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 8

சாப்பிடும்போது அம்மா, "பாவம், அந்த மனுஷன் முகமே செத்துப்போச்சு" என்றாள். அப்பா, "இவங்களுக்கெல்லாம் பாவம் பார்த்தா நாளைக்குக் கூரையையும் பத்து சென்டிமீட்டர் தள்ளி வெச்சிட்டுப் போவாங்க" என்றார். அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்தேன் என்பதை எழுதி வைக்கிறேன்.

கதவுக்காரர் தன் பெயரைக் கெடுத்துக்கொண்டு என்னைக் காப்பாற்றியிருக்கிறார். ஏன்? முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்காக ஒரு மனிதர் – இப்படி எழுதும்போது உள்ளே ஒரு இனிப்பு ஊறுகிறது. சீ.

மார்ச் 10

கடைக்குப் போனேன். இரண்டு பஸ். கதவுக் கடையை நடத்துவது ஒரு அம்மாள். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுகிறவர். எல்லாவற்றையும் சொன்னேன். என் தாள், என் டேப், என் தவறு.

முழுவதும் கேட்டார். பிறகு, "அப்ப அவரு டேப்பே போடலையா?"

"நான்தான் வேணாம்னு சொன்னேன் மேடம்."

"நீ ஆயிரம் சொல்லுவே. அளக்கப் போனது நீயா அவரா?"

பின்கட்டில் டிரில் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. கதவுக்காரர் அங்கேதான் இருந்திருக்கிறார்.

கதவைத் திருப்பி அனுப்ப முடியாதாம். வியாழக்கிழமை வந்து வெட்டிப் பொருத்திக் கொடுப்பார்களாம்.

திரும்பி வரும்போது ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பல நாளுக்குப் பிறகு பசித்தது. எவ்வளவு லேசாக இருந்தது.

மார்ச் 13

கதவுக்காரர் தனியாக வந்தார். வணக்கம் சொன்னேன், தலையை அசைத்தார். அப்பா வேலைக்குப் போயிருந்தார். பலகைகளைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். நான் பிடித்தேன்.

முற்றத்தில் இரண்டு மர முக்காலிகள். அவற்றின் மேல் பலகையைப் படுக்கவைத்தார். ஓரத் தகட்டின் ரிவெட்டு ஆணிகளை ஒவ்வொன்றாகத் துளைத்து எடுத்தார். பென்சிலால் இரண்டு முனையிலும் கோடு.

"ஒரு பக்கமா பத்தை வெட்டினா வேலை பாதிதானே?" என்று கேட்டேன்.

"வெட்டலாம். அப்புறம் கதவுல இருக்கற டிசைன் வரியெல்லாம் ஒரு பக்கமா ஒதுங்கி நிக்கும். தெருவுல போறவன் ஒவ்வொருத்தனும் இதைத் தப்பா அளந்தாங்கன்னு சொல்லுவான். ரெண்டு பக்கமும் அஞ்சு எடுத்தா யாருக்கும் தெரியாது."

நான்கு பலகை, எட்டு வெட்டு. கட்டிங் மெஷின் கத்தக் கத்த நான் மறுமுனையை அழுத்திப் பிடித்தேன். தகட்டுக்குள் இருந்த தெர்மாகோல் மாதிரி வெள்ளை நுரை பொடியாகப் பறந்து அவர் புருவத்தில் ஒட்டியது.

மூன்றாவது பலகையில் மெஷினை அணைத்தார்.

"கடைக்கு ஏம்மா போனீங்க?"

"உங்க மேல பழி விழக்கூடாதுன்னு."

"தப்பா அளந்தேன்னு இருந்தப்ப கடையில ஒரு வாரம் கிண்டல் பண்ணினாங்க. பத்துக்காரன்னு பேரு கூட வெச்சாங்க. போயிரும். எல்லாரும் ஒருதரம் தப்பா அளந்தவங்கதான். அளக்கவே இல்லன்னா?" துணியால் முகத்தைத் துடைத்தார். "பதினெட்டு வருஷமா நான்தான் அளவு. இனிமே வேற ஆள் அளப்பானாம். நான் கதவை மாட்டினா போதுமாம்."

என்னைக் காப்பாற்றவில்லை அவர். தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். நான் போய் அதைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். ஜன்னலோரம் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டு.

"நான் மறுபடி போய் மாத்திச் சொல்லட்டுமாண்ணா? நீங்க அளந்தீங்க, நான்தான் நம்பரை மாத்தி எழுதிட்டேன்னு –"

"வேணாம்மா." கோபமாகக்கூட இல்லை. "நீங்க மனசை லேசாக்கப் போறப்பல்லாம் எனக்குத்தான் கனம் கூடுது."

மெஷினைப் போட்டார்.

மாட்டி முடித்ததும் கதவைப் பாதி உயர்த்திக் கையை எடுத்தார். விட்ட இடத்தில் நிற்க வேண்டுமாம். நிற்கவில்லை, தானாக விர்ரென்று மேலே போய் முட்டியது. நான் பயந்து பின்வாங்கினேன்.

"எடை குறைஞ்சுபோச்சுல்ல. கதவைத் தூக்கற ஸ்பிரிங்குக்கு அது இன்னும் தெரியாது."

கதவை இறக்கிப் பூட்டி, இரும்புக் கம்பியைச் செருகி, ஸ்பிரிங்கைக் கால் சுற்று தளர்த்தினார். பார்த்தார். இன்னொரு கால். நான்காவது முறையில் பாதியில் நின்றது.

காபி கேட்கவில்லை. கொடுக்கவும் எனக்குத் துணிச்சல் வரவில்லை.

மார்ச் 14

கடைக்கார அம்மாளிடம் சொல்ல இரண்டு பஸ் ஏறினேன். அப்பா பக்கத்து அறையில் இருக்கிறார்.

மார்ச் 16

காலையில் எதிர்வீட்டு டீச்சர் வந்தார். எங்கள் கதவை ஏற்றி இறக்கிப் பார்த்தார். ஒரு விரலால் ஏறுகிறது. தன் வீட்டுக்கும் இதே மாதிரி போடலாமா என்று கேட்டார்.

அப்பா: "கதவு நல்ல கதவுதான். ஆள்தான் சரியில்ல. டேப் பிடிக்கத் தெரியாத ஆளு. போட்டா வேற கடையைப் பாருங்க."

இப்போது சொன்னால், அது என் மனசை லேசாக்கவா? இல்லை என்று தோன்றியது. ஆமாவாகவும் இருக்கலாம். அதற்குள் பேசிவிட்டேன்.

"நான் அளந்ததுப்பா. நம்ம டேப்புல. பத்தைக் கழிக்க மறந்துட்டேன். அவரை அளக்க விடலை."

டீச்சர் கதவையே பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். அந்த முகத்தை எழுதத் தெரியவில்லை. "நான் அந்த ஆளை என்னவெல்லாம் கேட்டேன். நீ பக்கத்துல நின்னுட்டுத்தானே இருந்தே?"

"ஆமா."

"காபித் தட்டோட."

"ஆமாப்பா."

உள்ளே போய்விட்டார். அடுக்களையில் அம்மா குழாயை மூடுவது கேட்டது.

டீச்சர் கிளம்பும்போது, "அவரு நம்பர் இருக்காம்மா?" என்றார். கொடுத்தேன். அவரை அளக்க அனுப்ப மாட்டார்கள் என்றும் சொன்னேன். ஏன் என்றும். இனி எதையும் பாதியாகச் சொல்ல முடியாது.

"அதை நான் கடையில பேசிக்கறேன். இனிமே இந்த ஊர்ல அவரை விடக் கவனமா அளக்கற ஆள் யாரு இருக்கப்போறா?"

மார்ச் 18

உப்பு வேண்டுமென்றால் அப்பா அம்மாவிடம் கேட்கிறார். உப்பு என் முன்னால் இருக்கிறது.

மார்ச் 19

அப்பா அரை நாள் லீவு போட்டுக் கதவுக் கடைக்குப் போய்விட்டு வந்தாராம். அம்மா சொன்னாள். அங்கே என்ன பேசினார் என்று அவளுக்கும் தெரியாது.

மார்ச் 22

எதிர்வீட்டு வாசலில் கதவுக்காரர்தான்.

மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். அகலத்தை மேலே அளந்தார், நடுவில் அளந்தார், தரையில் மண்டியிட்டு அளந்தார். ஒவ்வொரு தடவையும் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போனார். டீச்சர் ஏதோ சொல்ல, கையைக் காட்டி, கொஞ்சம் இருங்க என்பது போல நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து அளந்தார்.

நிமிர்ந்தபோது இந்தப் பக்கம் பார்த்தார். பார்த்திருப்பார். சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

இறங்கிப் போய் ஏதாவது சொல்லலாம். யாருக்காக?

கொல்லைப்புறம் போய், அம்மா ஊறவைத்திருந்த போர்வைகளை அலசிக் காயப்போட்டேன்.