சீசன் முடியும்வரை லீவு கிடையாது

மக்கா,

ஏ.சி. ரிப்பேருக்கு வந்த வடக்கத்திப் பையன் நேற்று என் அலமாரியை நகர்த்தினான். பின்னாலிருந்து ஒரு பழைய காலண்டர் தாள் விழுந்தது. "பாய், யே ஆப்கா?" என்று, உன்னுடையதா என்பதுபோல் நீட்டினான். உன் கோழிக்கிறுக்கல் கையெழுத்து. கோல்கீப்பரில் தொடங்கிப் பதினொரு பேர். கீழே கோடு போட்டு, "சீசன் முடியும்வரை இந்த ரூமிலிருந்து எவனும் லீவு போகக் கூடாது. மீறினால் சோறு கிடையாது." முதலில் சிரித்துவிட்டேன். அப்புறம் கட்டிலில் உட்கார்ந்தவன், அவன் வேலை முடித்துப் போகிறவரை எழுந்திருக்கவில்லை.

நம்ம காலேஜ், நம்ம டீம் என்று எத்தனை உரிமையாகப் பேசுவோம்! நீ பிளஸ் டூவோடு நின்றவன். நான் பத்தாவதில் கணக்கோடு மோதி, கணக்கு ஜெயித்தது. அந்தக் காம்பவுண்டுக்குள் நாம் போனதெல்லாம் சுவரேறிக் குதித்து மேட்ச் பார்க்கத்தான். அப்படியும் இந்த அரபு நாட்டில், கராமா ரூமில் கைலியோடு உட்கார்ந்து, கோச்சுக்கே பாடம் எடுப்போம். பக்கத்துக் கட்டில் தஞ்சாவூர்க்காரர் ஒருநாள் பொறுக்காமல் கேட்டார்: "நீங்க ரெண்டு பேரும் எந்த வருஷம் அங்க படிச்சீங்க தம்பி?" நீ கொஞ்சமும் அசரவில்லை. "நாங்க படிக்கல அண்ணே, பாஸ் பண்ணிட்டோம்" என்றாய்.

ஜூலை பிறந்தால் உனக்கு டீம் கவலை பிடித்துக்கொள்ளும். வெளியே வெயில் கொளுத்தும், உள்ளே நீ புலம்புவாய். கோல்கீப்பர் டிகிரி முடித்துவிட்டானே, இனி யார் நிற்பார்கள்? ஃபார்வர்டு பையனுக்கு முட்டி சரியாகிவிட்டதா? ஊரிலிருக்கும் என் மச்சானுக்குப் போன் போட்டு, "அந்தக் கீப்பரை எப்படியாவது எம்.ஏ. சேரச் சொல்லுடே. தமிழோ, வரலாறோ, என்ன எழவோ. இன்னும் ரெண்டு வருஷம் நிப்பாம்லா" என்று கெஞ்சுவாய். கல்லூரி வாசலை மிதிக்காத ஒருத்தன், எவனோ ஒருத்தனுடைய மேல்படிப்புக்காக அப்படி உருகினதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்த லீவுச் சட்டம் வந்த கதை உனக்குத் தெரியாததா? ஒரு வருஷம் நீ ஊருக்குப் போய், காலிறுதியை நேரில் பார்த்தாய். கடைசி நிமிஷத்தில் பெனால்டி, தோல்வி. அடுத்த வருஷம் நான் போனேன். கடலை வாங்கிக்கொண்டு உட்காருவதற்குள் ரெண்டு கோல் வாங்கிவிட்டார்கள். திரும்பி வந்ததும் நீ தீர்ப்புச் சொன்னாய்: "நம்ம கண்ணு ஆகாதுலே. நாம பார்க்காத வரைக்கும்தான் அவனுவ ஜெயிப்பானுவ."

பார்க்காமல் எப்படித் தெரிந்துகொள்வது? அதற்குத்தான் மிஸ்டு கால். மைதானத்திலிருந்து மச்சான் ஒரு ரிங் விட்டால் நம்ம கோல், ரெண்டு ரிங் விட்டால் அவர்கள் கோல். ஜெபல் அலி வேர்ஹவுஸில் போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பெட்டி அடுக்குவோம். ஒருநாள் ஒரு ரிங் வந்ததும் நீ "கோல்!" என்று கத்தி, பட்டாணியரான சூப்பர்வைசரைக் கட்டிப்பிடித்துவிட்டாய். அது உன் வீட்டுக்காரி விட்ட ரிங். மாவு மில்லுக்குப் போகுமுன் உன்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறாள். அந்த மேட்சில் நாம் தோற்றோம். சூப்பர்வைசர் மட்டும் ஒரு வாரம் உன்னைப் பார்த்தாலே ரெண்டடி தள்ளி நின்றார்.

இதற்கு அப்புறம் நடந்ததை எழுதத்தான் பயம். ஆனாலும் எழுதுகிறேன்.

மூணு வருஷத்துக்கு முன்னால் உனக்கு ஆகஸ்டில் லீவு கிடைத்துவிட்டது. ரெண்டு வருஷமாக ஊருக்குப் போகாதவன் நீ. பெட்டிகூட வாங்கிவிட்டாய். நான்தான் கேட்டேன்: "ஏலே, டீம் இந்த வருஷம் இரும்பு மாதிரி இருக்கு. நீ போய்க் கெடுத்துராத. சீசன் முடிஞ்சு போயேன்." பாதி விளையாட்டாகத்தான் சொன்னேன். நீ தலையைச் சொறிந்தாய், சிரித்தாய், மறுநாள் ஆபீசுக்குப் போய்த் தேதியை மாற்றிவிட்டு வந்தாய்.

அரையிறுதிக்கு ரெண்டு நாள் முன்னால், மத்தியான டூட்டியில், நெஞ்சு அடைக்குது என்று பெட்டிகளில் சாய்ந்து உட்கார்ந்தாய். தண்ணீர் கொண்டுவர ஓடினேன். திரும்பி வந்தபோது உன் தலை தொங்கியிருந்தது. உன் உடலை ஊருக்கு அனுப்பும் பேப்பர்களுக்காக ஆபீஸ் ஆபீஸாக நான் நின்ற நாளில்தான் பைனல். பையில் ஒரு ரிங். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று, அதுவும் ஒற்றை. கப் நமக்குத்தான். போனை அணைத்துவிட்டேன்.

இன்றைக்கும் போன் ஒரு ரிங்கோடு நின்றால் நான் எடுத்துப் பார்ப்பதில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் வீட்டுக்காரி போனில் பேசினாள். அழவில்லை. "அண்ணாச்சி, ஆகஸ்ட்டுல வாரேன்னாவ. ஏன் தள்ளிப் போட்டாவ?" என்று மட்டும் கேட்டாள். நான் சொன்னேன்: "கம்பெனில லீவு குடுக்கலம்மா." கம்பெனிக்காரன் கொடுத்த லீவை நான் பிடுங்கினேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் நம்பிவிட்டாள். அதுதான் இன்னும் மோசம்.

இப்போது கேள். என் மூத்தவன் அதே காலேஜில் சேர்ந்திருக்கிறான், கேட் வழியாக. டீமிலும் எடுத்துவிட்டார்கள், லெஃப்ட் பேக். அடுத்த மாதம் அவனுடைய முதல் மேட்ச். எதிர் டீமில் கேரளாவிலிருந்து மூணு பேரை இறக்கியிருக்கிறார்களாம், ஒவ்வொருத்தனும் பனைமரம் மாதிரியாம். இவன் என்னைப் போலக் குச்சிக்காலன். யாராவது காலில் விழுந்து முட்டி போய்விடுமோ, தலையில் அடிபடுமோ என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

"அப்பா, நீங்க வரணும்" என்றான். நம்ம கண்ணு ராசி பற்றிச் சொன்னேன். "நீங்க பார்க்காத மேட்ச்லயும் தோத்திருக்கோமேப்பா, அதுக்கு யாரு காரணம்?" என்று கேட்டான். படிக்கிற பயல். பத்து வருஷமாக நம் ரெண்டு பேர் மண்டையில் உதிக்காத கேள்வி. அவன் சொன்னது சரியென்றால், நீ ஊருக்குப் போகாமல் நின்றது சும்மாவேதான். அதை நினைத்தால் ராசி உண்மையாகவே இருந்துவிடக் கூடாதா என்றிருக்கிறது.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். அதே சூப்பர்வைசர்தான். "கியா ஹுவா? எமர்ஜென்சி?" என்றார். "நஹி சாப், ஃபுட்பால்" என்றேன். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். ரெண்டடி தள்ளி நிற்கவில்லை.

மேட்ச் சாயங்காலம்தான். காலையில் உன் வீட்டுக்குப் போகிறேன். யார் பேச்சைக் கேட்டு நீ நின்றாய் என்று தங்கச்சியிடம் சொல்லப் போகிறேன். மூணு வருஷமாக இதைச் சுமக்கிறேன், இறக்கி வைக்க வேறு இடம் தெரியவில்லை. மைதானத்தில் தோற்றால் ஊரே கத்தும், அதை வாங்கிக்கொள்வேன். அவள் திட்டினாலும் வாங்கிக்கொள்வேன். ஒன்றும் சொல்லாமல், "காப்பி குடிக்கியளா அண்ணாச்சி" என்று கேட்டுவிட்டாள் என்றால், என்ன செய்வேன் மக்கா?