கோணல் பின்னல்

அன்பு மனைவிக்கு,

உன் அம்மா நலம். படுத்த படுக்கையான பிறகும் என்மேலுள்ள கோபம் குறையவில்லை. உடம்பு துடைக்கப் போனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். நம் கல்யாணத்துக்கே வராதவர், சங்கடப்படுவது நியாயம்தானே.

எனக்குத் தலை பின்ன மட்டும் கைவரவில்லை. நேற்றுப் போட்ட பின்னல் கோணல்மாணலாக இருந்தது. நர்ஸ் வந்ததும் சிரித்துவிட்டு அதை அவிழ்க்கப் போனாள். உன் அம்மா பின்னலைக் கையால் பொத்திக்கொண்டு, "இருக்கட்டும்மா, எங்க மாப்பிள்ளை பின்னினது" என்றார்.

அந்த வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டதேயில்லை. சமையலறைக்குப் போய், கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன்.

என் முதுகுவலி தேவலை. லீவு கிடைக்கவில்லை என்றால் அலட்டிக்கொள்ளாதே. கிடைத்தால் ஒரு நடை வந்துவிட்டுப் போ. உன் அம்மா கேட்கவில்லை, நான்தான் கேட்கிறேன்.

உன் வீட்டுக்காரன்